ஒச்சப்பன் கொடுத்த தீர்ப்பு

கேள்வி கேட்கத் தெரியாத சீடர் ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்து நாலு. குருவுக்கு முப்பத்தாறு.

இப்படி ஆரம்பித்தால் உங்கள் மனசு உடனே மரத்தடிக்கும் காவித் துணிக்கும் ஓடும். ஓட வேண்டாம். இது சின்னமனூர் பைபாஸில் ஒரு ஒர்க்ஷாப். குருவின் பெயர் ஜெசிந்தா, ராயப்பன்பட்டிக்காரி. கோயம்புத்தூரில் பதினோரு வருஷம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மட்டுமே பிரித்துச் சேர்த்த கை. சீடர் ஒச்சப்பன். கையால் கியர் போடுகிற வண்டியா, தெருமுனையில் வரும்போதே இன்ன பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷம் சொந்த ஷெட் வைத்திருந்தவர். கியரே போட வேண்டாத வண்டிகள் வர ஆரம்பித்ததும், வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இந்தப் பெண்ணிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தார். வந்து எட்டு மாசம்.

வெட்கத்தை முழுசாகக் கட்டி வைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எட்டு மாசத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை அந்த மனுஷர். அவள் வேலை செய்வதைப் பார்ப்பார், தலையாட்டுவார், "தெரியும் தாயி" என்பார். அவளும் விட்டுவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஆட்டோமேட்டிக். இருபத்து மூணு வயசு. மூன்று நாளைக்கு முன்னால், பள்ளத்திலிருக்கும் தொழிலாளர் லயத்திலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு மேடேறும்போது, வளைவில் இன்ஜின் கத்தியிருக்கிறது, வண்டி நகரவில்லை. டிரைவர் தவசி வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டார். அரைமணி நேரம் கழித்து தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி ஒன்று வந்துதான் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனது. தாயும் பிள்ளையும் பிழைத்தது சாமி புண்ணியம்.

தோட்டத்து மேனேஜர் நந்தகோபாலும் கூடவே வந்திருந்தார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. வண்டி தானாகக் கெட்டதா, டிரைவர் கெடுத்தாரா? டிரைவர் கெடுத்தார் என்றால் தவசிக்கு வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். பதினாறு வருஷ சர்வீஸ்.

ஜெசிந்தா கம்பம் டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். அவள் வரட்டும் என்று ஒச்சப்பன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேனட்டைத் திறந்தார், கியர்பாக்ஸ் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார், கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் இருபதே நிமிஷம். கையைத் துடைத்துக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் ஐந்து பேர் சுற்றி நிற்க, தீர்ப்பைச் சொன்னார்.

"ஆயில் நெறைய இருக்கு. அப்ப கியர்பாக்ஸுக்குள்ள இருக்குற கிளட்ச் பிளேட்டுதான் கருகிப்போச்சு. பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒண்ணா மிதிச்சு ஓட்டுனா இப்படித்தான் கருகும். டிரைவர் வேலைதான் சார்."

"இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றார் மேனேஜர். "மூணு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்."

தவசி ஒரு வார்த்தை பேசவில்லை. போய் வாசல் கேட் ஓரமாக நின்றார். டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். ஒச்சப்பனுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. வண்டியைக் கெடுத்தவன் அனுபவிக்கத்தானே வேண்டும் என்று மனசை அடக்கிக்கொண்டார்.

ஒரு மணிக்கு ஜெசிந்தா வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். அவள் முகம் மாறவில்லை.

"எப்படிண்ணே பிடிச்சீங்க?"

"மேட்டுல இன்ஜின் கத்துது, வண்டி இழுக்கல. ஃபோர்வீல் லிவர் சரியா உக்காந்திருக்கு. ஆயில் குறிக்கு நெறைய இருக்கு. வேற என்ன இருக்கு தாயி? பிளேட்டுதான்."

"ஆயில் என்ன வாசம்?"

"வாசமா?"

அவள் கம்பியை உருவி, ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். துணியில் இருந்த கறை சிவப்பாகவே இருந்தது. ஒச்சப்பன் மோந்து பார்த்தார். புது ஆயில் வாசம்தான். கருகல் துளி இல்லை.

"கருகினா கருகின வாசம் வருமேண்ணே."

ஒச்சப்பன் துணியை வாங்கி மறுபடி மோந்து பார்த்தார்.

"சில வண்டில வராது," என்றார்.

"எந்த வண்டில?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு மணிக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு. மறுபடி பாருங்க."

"நீங்களே பாத்துச் சொல்லிருங்க தாயி. அஞ்சு நிமிஷ வேலை உங்களுக்கு."

"நான் சொன்னா அது என் தீர்ப்பு. கையெழுத்து உங்களுதுண்ணே."

ஒச்சப்பனுக்குச் சுருக்கென்றது. இவள் வயசுக்கு நான் கழற்றின கியர்பாக்ஸ் எத்தனை என்று வாய்வரை வந்தது. கேட்டோரம் நின்ற தவசி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் வாயை மூடிக்கொண்டு சாவியை எடுத்தார்.

ஜெசிந்தா ஒரு துணிப்பையைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். "தவசியண்ணே, நீங்களும் ஏறுங்க," என்றாள்.

"மேனேஜர் வண்டியைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா."

"உக்காரக் கூடாதுன்னு சொல்லலையே."

தவசி பின்னால், நோயாளியைப் படுக்க வைக்கிற பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். அவர் இருக்கிறார் என்பதே ஒச்சப்பனின் பிடரியில் பாரமாக இருந்தது.

மலையடிவாரம் வரைக்கும் வண்டி சாதுவாக ஓடியது. ஒரு குறையும் இல்லை. மேடு தொடங்குவதற்கு முன்னால் ஜெசிந்தா நிறுத்தச் சொன்னாள்.

"ஹேண்ட்பிரேக்கைப் போடுங்க. கால் பிரேக்கையும் இறுக்கி மிதிங்க. லிவர் டிரைவ்ல இருக்கட்டும். இப்ப ஆக்ஸிலேட்டரைக் குடுங்க. ரெண்டு செகண்டு, அதுக்கு மேல வேண்டாம்."

இன்ஜின் உறுமியது. வண்டி கட்டிப்போட்ட காளை மாதிரி முன்னால் திமிறி நின்றது. இன்ஜின் கத்தி ஓடவில்லை, கியர்பாக்ஸ் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பிடிக்குதா?"

"பிடிக்குது."

"கருகின பிளேட்டு இப்படிப் பிடிக்குமாண்ணே?"

பிடிக்காது. அது ஒச்சப்பனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஐந்து பேர் முன்னால் சொன்ன சொல். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"மேலே ஏத்துங்க."

முதல் வளைவு. வண்டி ஏறியது. ஸ்டீயரிங்கைத் திருப்பி மேட்டில் ஏற்றும்போது இன்ஜின் திடீரென்று கத்தியது, வண்டி மூச்சையே விட்டது போல நின்றுவிட்டது. பின்னால் தவசி "ஆத்தா" என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் கேட்ட அதே சத்தம்.

ஒச்சப்பன் மெல்லப் பின்னுக்கு உருட்டி அடிவாரத்துச் சமதளத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டி உடனே ஒன்றும் நடக்காதது போல முன்னும் பின்னும் போனது.

"சமதளத்துல அம்புட்டுப் பாரம் குடுத்தோம், பிடிச்சுது," என்றாள் ஜெசிந்தா. "மேட்டுல திரும்பயில விடுது. எதுண்ணே மாறுச்சு?"

"வண்டி சரியுது."

"வண்டி சரிஞ்சா உள்ள எது சரியும்?"

"ஆயில்..." ஒச்சப்பன் தலையில் கை வைத்தார். "ஆயில் பின்னால ஓடிரும். பம்புக்கு வெறும் காத்துதான் கிடைக்கும். ஆனா ஆயில் நெறைய இருக்கே தாயி! ஒரு தரமில்ல, ரெண்டு தரம் பாத்தேன். என் கண்ணால பாத்தேன்!"

மணி ஒன்று ஐம்பது. ரோட்டில் ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனது. ஒச்சப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தலைகீழாக நின்றாலும் இதற்கு மேல் தன்னால் போக முடியாது என்று அவருக்குப் புரிந்தது. சொல்ல நாக்கு எழவில்லை. கண்ணாடியில் தவசியின் முகம் தெரிந்தது. மூன்று நாள் சவரம் செய்யாத முகம்.

"தாயி," என்றார். "ஆயிலை எப்படிப் பாக்கணும்?"

எட்டு மாசத்தில் முதல் கேள்வி. ஜெசிந்தா ஒரு மூச்சு விட்டாள்.

"காலையில எப்படிப் பாத்தீங்க?"

"எப்பவும் பாக்குற மாதிரிதான். இன்ஜினை அணைச்சு, அஞ்சு நிமிஷம் விட்டு..."

"இப்ப அணைக்காதீங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு லிவரை எல்லா இடத்துக்கும் ஒரு தரம் கொண்டுபோய்ட்டு வாங்க. பார்க்கிங்ல விடுங்க. எறங்கி உருவுங்க."

ஒச்சப்பன் இறங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பியை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி உருவினார். நுனியில் ஒரு சொட்டு. குறிக்கு ரெண்டு விரற்கடை கீழே கம்பி காய்ந்து கிடந்தது.

"அடப் பாவி," என்றார், யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமலே.

"இன்ஜினை அணைங்க. கொஞ்சம் விட்டுப் பாருங்க."

அணைத்தார். ஐந்து நிமிஷம் பொறுத்து உருவினார். குறிவரை நிறைந்திருந்தது.

"ஓடயில பம்பு மேல தூக்கிக்கிரும்," என்றாள் அவள். "அணைச்சா அம்புட்டும் கீழ எறங்கி நிக்கும். அணைச்சு வச்சுப் பாத்தா, குறைஞ்ச வண்டியும் நெறஞ்சுதான் காட்டும்."

ஒச்சப்பன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். எங்கேயும் ஒழுகல் இல்லை. அடிப்பக்கம் சுத்தமாகக் காய்ந்து கிடந்தது.

"ஒழுகலையே. அப்ப ஆயில் எங்க போச்சு?"

"போகலண்ணே," என்றாள் ஜெசிந்தா. "பின்னால பை இருக்கு. எடுங்க."

பையில் ஒரு புனலும் ரெண்டு ஆயில் பாட்டிலும் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். சீல் உடைக்காதது. ஒச்சப்பனுக்கு அந்தப் பாட்டில்களைத் தெரியும். அவர் அலமாரியில், அவர் கையால் வைத்தது.

ஒன்றரை மாசம் முன்னால் ஜெசிந்தா தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவில் போயிருந்தாள். அப்போது இந்த வண்டி கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வந்தது. தவசிதான் ஓட்டிக்கொண்டு வந்தார். ஒச்சப்பன் தனி ஆளாக மாற்றினார். இன்ஜினை அணைத்து, கம்பியைப் பார்த்துப் பார்த்து, குறி வந்ததும் நிறுத்தினார். பாட்டில் மிஞ்சியதும் ஒரு பெருமைகூட இருந்தது, வீணாக்காமல் செய்தோம் என்று. பக்கத்தில் நின்ற தவசி அப்போது கேட்டார். "ரெண்டு பாட்டில் மிச்சம் இருக்கேண்ணே, அம்புட்டுத்தான் பிடிக்குமா?"

"நீ ஓட்டுற வேலையைப் பாருப்பா." அதுதான் ஒச்சப்பன் சொன்ன பதில். அன்றைக்குத் தவசி ஒற்றை ஆளாக மெல்ல மலை ஏறிப் போய்விட்டார்; அதன்பின் வண்டி பாரத்தோடு மேடேறியது அந்தப் பிரசவத்து அன்றைக்குத்தான்.

இப்போது அவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தவசியைப் பார்த்தார். தவசியும் அந்தப் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீ கேட்டியே," என்றார் ஒச்சப்பன். "காலையில அம்புட்டுப் பேரு முன்னால நான் உன்னயச் சொல்லயில, ஏம்ப்பா ஒரு வார்த்தை சொல்லல?"

தவசி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"எனக்கு அது ஞாபகமே வரலண்ணே. நீங்க மெக்கானிக்கு. நீங்க பாத்துட்டு நான்தான் கெடுத்தேன்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பிள்ளை பின்னால கெடந்து துடிச்சுச்சுண்ணே. அரைமணி நேரம். நம்ம தப்பால ரெண்டு உசுரு போகப் பாத்துச்சேன்னு காலையிலிருந்து எச்சிகூட முழுங்க முடியல."

ஒச்சப்பனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வேலையை மட்டும்தான் பிடுங்கப் பார்த்தோம் என்று நினைத்திருந்தார்.

"அன்னைக்கு வளைவுல நீங்க அணைச்சு நிறுத்தினீங்கள்ல," என்றாள் ஜெசிந்தா தவசியிடம். "அமுக்கி மிதிச்சு ஏத்தப் பாத்திருந்தா பிளேட்டு நெசமாவே கருகியிருக்கும். கியர்பாக்ஸ் மிஞ்சினது உங்களாலதாண்ணே."

தவசி தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஜினை ஓடவிட்டு, கம்பி இருந்த குழாயில் புனலை வைத்து ஒச்சப்பனே ஊற்றினார். கொஞ்சம் ஊற்றுவார், கம்பியைப் பார்ப்பார். ரெண்டு பாட்டிலும் காலியானபோது அளவு குறியில் வந்து நின்றது. மலை ஏறினார்கள். முதல் வளைவு, ரெண்டாவது, மூணாவது, நாலாவது. இன்ஜின் ஒரு இடத்தில் கத்தவில்லை. நாலாவது வளைவில் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள்.

ஒர்க்ஷாப்புக்கு வந்தபோது மணி ரெண்டு ஐம்பது. தோட்டத்து ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். ஒச்சப்பன் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை எடுத்தார். எழுதினார். எழுதியதைக் கொண்டுவந்து ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

'கியர்பாக்ஸில் ஆயில் குறைவாக இருந்தது. ஊற்றிச் சரிசெய்யப்பட்டது. டிரைவர் மேல் தவறு இல்லை.'

அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பொய் ஒண்ணும் இல்ல தாயி."

"இல்ல."

"தவசிக்கு வேலை நிக்குது. வீடு நிக்குது."

"நிக்குது."

"யாரு குறைச்சு ஊத்துனதுன்னு எழுதணுமா?" ஒச்சப்பன் குரலை இறக்கினார். "இந்த ஊருல ஒச்சப்பன்னா ஒரு பேரு இருக்கு. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. இது வெளிய தெரிஞ்சா ஒரு பய வண்டியை என் கையில விடமாட்டான்." அவள் பேசாமல் இருந்தது அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "முப்பது வருஷம் தாயி! ஒருத்தன் வாயால ஒரு சொல் வாங்கியிருப்பனா? இவன் நேர்மையானவன்னு ஊரே சொல்லுமே!"

"அது இன்ஜினை அணைச்சு வச்சுப் பாத்த அளவுண்ணே," என்றாள் ஜெசிந்தா.

ஒச்சப்பன் அப்படியே நின்றார். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. கண்தான் கலங்கியது.

அவள் கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னாள். "நீங்க கேக்கல. நானும் சொல்லிக் குடுக்கல. ரெண்டும் சேந்துதான் ரெண்டு லிட்டர். அதையும் வேணும்னா எழுதிக்கங்க."

வாசலில் மேனேஜரின் ஜீப் வந்து நின்றது.

ஒச்சப்பன் பேப்பரைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நிமிர்ந்து வெளியே போனார். மேனேஜர் கையை நீட்டினார்.

"ரிப்போர்ட் ரெடியா?"

"வாயால சொல்றேன் சார், எல்லாரும் கேக்கட்டும். அப்புறம் எழுதித் தர்றேன்." ஒச்சப்பன் காலையில் நின்ற அதே ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். "காலையில நான் சொன்னது தப்பு. கியர்பாக்ஸ் கெடல. ஆயில் ரெண்டு லிட்டர் குறைச்சல். ஒன்றரை மாசம் முன்னால இந்த வண்டிக்கு ஆயில் மாத்துனது நான். அளவு பாக்கத் தெரியாம குறைச்சு ஊத்துனது நான். தவசி அன்னைக்கே மிச்சம் இருக்கேன்னு கேட்டாரு, நான்தான் வாயை அடைச்சேன். அந்தப் பொண்ணு அரைமணி நேரம் ரோட்டுல கெடந்ததுக்குக் காரணம் நான் சார். இவரு இல்ல."

யாரோ ஒரு ஆள் "அடேங்கப்பா" என்றான்.

ஒச்சப்பன் கேட்டுப் பக்கம் திரும்பினார். "தவசி, மன்னிச்சிருப்பா," என்றார்.

தவசி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறியது. ஒச்சப்பனை விட்டுவிட்டு நேராக ஜெசிந்தாவிடம் போனார்.

"காலையில ஒருத்தன் தலையில கல்லைப் போடப் பாத்தாரு, இப்ப மாத்திச் சொல்றாரு. எட்டு மாசமா உங்ககிட்ட இருக்காராமே. இப்படி ஒரு ஆளையா சேத்து வச்சிருக்கீங்க?"

ஜெசிந்தா ஒச்சப்பனைப் பார்த்தாள். அவர் எல்லார் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னைக்குத்தான் சார் சேத்துக்கிட்டேன்," என்றாள்.